இரும்பு வாணம் விட்ட ஹைதர் அலி

நெருப்பை ஆண்டவரைக் கடல் வென்ற கதை

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ராக்கெட் என்பது புதிய சொல் அல்ல.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்து ராக்கெட் விடும் நாளில், படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு வரும். கோரைக்குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் வலைகள் கரையில் கிடக்கும். பெண்களும் பிள்ளைகளும் மணலில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சம் முதலில் தெரியும். சத்தம் பிறகு வரும்.

ஆனால் இந்த வட்டாரம் ராக்கெட்டை அறிந்தது இன்று நேற்று அல்ல. 1780-ம் ஆண்டில், இந்த ஏரிக்கு அருகே முகாம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பட்டாளம், சில நாட்களில் ராக்கெட் மழையில் சிக்கி அழிந்தது.

அந்த ராக்கெட்டை விட்டவர் விஞ்ஞானி அல்ல. பள்ளிக்கூடம் போனவரும் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்தான் மைசூரை ஆண்ட ஹைதர் அலி.

வாணக்காரர் மகன்

ஹைதர் அலி 1720-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். கோலார் பக்கத்தில் உள்ள பூதிக்கோட்டை அவருடைய ஊர்.

தகப்பனார் பெயர் பதே முகமது. அவர் ஆற்காட்டு நவாபின் படையில் வேலை பார்த்தவர். வாணம் விடும் வீரர்கள் 50 பேருக்கு அவர் தலைவர்.

அந்தக் காலத்து வாணம் மூங்கில் குழாயில் மருந்து கெட்டித்துச் செய்வது. திருவிழாவில் நாம் விடும் ஆகாச வாணத்துக்கு அது அண்ணன். எதிரியைக் கொல்வதற்கு அல்ல, தூரத்தில் நிற்கும் படைக்குச் சைகை காட்டவே பெரும்பாலும் பயன்பட்டது.

பதே முகமது பிறகு சீரா நவாபிடம் சேர்ந்தார். ஒரு சண்டையில் உயிர் விட்டார். அப்போது ஹைதர் சிறு பிள்ளை.

பேரிகைக்குள் அடைபட்ட பிள்ளை

தகப்பன் போன வீட்டில் துன்பம் நுழைந்தது.

தொட்டபள்ளாபூரில் அதிகாரம் செய்த அப்பாஸ் குலிகான், அந்தக் குடும்பத்தின் சொத்தைப் பறித்தான். மறைத்து வைத்த பணத்தைக் கொடு என்று ஹைதரையும் அவர் அண்ணன் ஷாபாஸையும் கொடுமைப்படுத்தினான். இரண்டு பிள்ளைகளையும் பேரிகைக்குள் அடைத்து, மேலே தோலைக் கட்டி, அடிக்கச் செய்தான் என்று வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். உறவினர் ஒருவரின் உதவியால் மைசூர் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஹைதர் அந்தப் பேரிகைச் சத்தத்தை மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தொட்டபள்ளாபூர் மீது படை எடுத்தார். அப்பாஸ் குலிகான் சென்னைக்கு ஓடித் தப்பினான்.

கையெழுத்து ஓர் எழுத்து

1749-ம் ஆண்டு தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் ஹைதரின் வீரம் வெளிப்பட்டது. மைசூரின் தளவாய் நஞ்சராஜர் அவருக்கு 50 குதிரைவீரர்களையும் 200 காலாட்களையும் கொடுத்தார்.

அங்கே தொடங்கிய ஏற்றம் நிற்கவே இல்லை.

ஹைதருக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஐந்து மொழிகள் பேசுவார். தமிழும் அவற்றில் ஒன்று. கணக்கை மனத்திலேயே போடுவார். ஒருமுறை பார்த்த முகத்தையும், ஒருமுறை கேட்ட செய்தியையும் மறக்கமாட்டார். பெரியவரான பிறகு தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதப் பழகினார். அதையும் தலைகீழாகத்தான் எழுதுவார். அந்த ஓர் எழுத்துதான் அரசாங்க உத்தரவுகளில் அவருடைய கையெழுத்து.

1755-ம் ஆண்டு அவர் திண்டுக்கல்லின் பௌஜுதார் ஆனார். மலைமேல் கோட்டை. கீழே பாளையக்காரர்களின் கலகம். கலகத்தை அடக்கிய கையோடு, பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் அங்கே ஓர் ஆயுதச்சாலை அமைத்தார். துப்பாக்கியும் பீரங்கியும் செய்யும் வித்தையை அவர் கண்ணால் பார்த்துக் கற்ற இடம் நம் திண்டுக்கல்.

1761-ம் ஆண்டில் மைசூர் முழுவதும் அவர் கைக்கு வந்தது. ராஜா சிம்மாசனத்தில் இருந்தார். அதிகாரம் ஹைதரிடம் இருந்தது.

நன்றி மறந்து தம்மை எதிர்த்த மந்திரி கண்டேராவை அவர் பிடித்தார். அரண்மனைப் பெண்கள் உயிர்ப்பிச்சை கேட்டார்கள். கிளியைப் போல வைத்துக் காப்பாற்றுவதாக ஹைதர் வாக்குக் கொடுத்தார். வாக்கை அப்படியே நிறைவேற்றினார். கண்டேராவை இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்தார்! ஹைதரின் மனத்தில் இரக்கமும் இருந்தது, இரும்பும் இருந்தது.

மூங்கில் போய் இரும்பு வந்தது

தகப்பனாரின் வாணத்தை ஹைதர் மறக்கவில்லை. அதில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய் வந்தது.

மாற்றம் சிறியது. பலன் பெரியது.

வாணத்துக்குள் மருந்து எரியும்போது புகையும் காற்றும் பொங்கும். அது பின்பக்கத் துவாரம் வழியாகச் சீறி வெளியேறும். அந்த வேகத்தில் வாணம் முன்னே பாயும். மருந்தை மிகவும் கெட்டித்தால் மூங்கில் வெடித்துவிடும். இரும்பு தாங்கும். ஆகையால் இரும்பு வாணம் அதிக வேகமாகவும் அதிக தூரமும் போயிற்று. ஆயிரம் கஜத்துக்கு மேலும் அது பாய்ந்தது.

குழாய் ஒரு சாண் நீளம் இருக்கும். அதை நீண்ட மூங்கில் கழியில் கட்டுவார்கள். சிலவற்றில் கழிக்குப் பதில் வாளின் அலகு இருக்கும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு சாய்வாக வைத்து விடவேண்டும் என்று வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

பீரங்கியை இழுக்கப் பல ஜோடி மாடுகள் வேண்டும். வாணத்தை ஆளே தோளில் சுமந்து போகலாம். ஒட்டகத்தின் மேல் கட்டலாம். பிற்காலத்தில் ஒரே சமயத்தில் பல வாணங்களை விடும் சக்கர வண்டிகளும் மைசூர்ப் படையில் இருந்தன.

குறி தவறுவது உண்டு. ஆனாலும் நெருப்பு வால் நெளிய, காது செவிடுபட, நூற்றுக்கணக்கில் அவை வரும்போது எந்தக் குதிரை நிற்கும்? எந்த மாடு வண்டி இழுக்கும்?

ஹைதரின் படையில் வாணக்காரர்கள் சுமார் 1,200 பேர். தகப்பனாரிடம் இருந்தது ஐம்பது பேர்!

முறிந்த வாக்கு

1767-ம் ஆண்டு ஹைதருக்கும் கும்பினியாருக்கும் முதல் யுத்தம் மூண்டது. 1769-ல் ஹைதர் திடீரென்று குதிரைப் படையுடன் பரங்கிமலை வரை வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த துரைமார்கள் கலங்கிப் போனார்கள். உடன்படிக்கை கேட்டார்கள்.

ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவவேண்டும் என்பது அந்த உடன்படிக்கை. ஆனால் மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தபோது கும்பினி உதவிக்கு வரவில்லை. 1779-ல் கும்பினிப் படை மாஹியைப் பிடித்தது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஹைதருக்கு ஆயுதங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது.

ஹைதரின் பொறுமை முடிந்தது. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக அவர் இறங்கினார். அவருடன் வந்தவர்கள் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் என்பார்கள்.

ஆற்றில் வந்த வெள்ளம்

அப்போது கர்னல் பெய்லி என்பவர் குண்டூர்ப் பக்கமிருந்து சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரிடம் சுமார் 2,800 பேர். பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள கும்மிடிப்பூண்டி வழியாக வந்து, ஆகஸ்டு 25-ம் தேதி கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார்.

ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. அன்றே கடந்திருக்கலாம். பெய்லி கடக்கவில்லை. அக்கரைக்குக் காலையில் போகலாம் என்று கூடாரம் அடித்தார்.

அன்று இரவு மழை. ஆற்றில் வெள்ளம் புரண்டது.

ஒரு வாரத்துக்கு மேல் பெய்லி அந்தக் கரையிலேயே கிடந்தார். செப்டம்பர் தொடக்கத்தில்தான் ஆற்றைக் கடந்தார். அதற்குள் ஹைதர் தம் மகன் திப்புவை அனுப்பிவிட்டார். பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தடுத்து நிறுத்தினார்.

பெரிய தளபதி மன்றோ காஞ்சிபுரத்தில் பெரும்படையுடன் இருந்தார். அவர் நேரில் போகவில்லை. கர்னல் பிளெட்சருடன் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார்.

புள்ளலூரில் அழிவு

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூர்.

விடிந்ததும் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். பீரங்கிகள் முழங்கின. வாணங்கள் சீறின. நடுவில் திடீரென்று ஒரு பேரிடி. கும்பினிப் படையின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பட்டதால் என்பார் பலர். பீரங்கிக் குண்டு பட்டதால் என்பாரும் உண்டு. எதுவானாலும், அதன் பிறகு பெய்லியின் பீரங்கிகளுக்கு மருந்து இல்லை.

3,800 பேர் கொண்ட படையில் பெரும்பகுதி மாண்டது அல்லது சிறைப்பட்டது. பிளெட்சர் இறந்தார். பெய்லி கைதியானார். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் இறந்தார்.

செய்தி கேட்ட மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையைத் திப்பு சித்திரமாக எழுதச் செய்தார். பல்லக்கில் பெய்லி இருப்பதையும், மருந்து வண்டி வெடிப்பதையும் இன்றும் பார்க்கலாம்.

ஏழைகள் பட்ட பாடு

வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் கும்பினியாரும் அல்லர், ஹைதரும் அல்லர்.

சென்னைப் பட்டாளத்துக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்பது ஹைதரின் யோசனை. சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களை அவருடைய குதிரைவீரர்கள் கொளுத்தினார்கள். விளைந்த பயிர் சாம்பலாயிற்று. கால்நடைகளை ஓட்டிச் சென்றார்கள்.

உழுதவன் ஓடினான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சென்னைக்கு வந்து குவிந்தார்கள். பஞ்சம் வந்தது. 1782 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் அரிசி ஏற்றி வந்த கப்பல்களும் மூழ்கின. தெருக்களில் மக்கள் செத்து விழுந்தார்கள்.

அந்த ஆண்டில், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் தொடக்கம் அதுதான். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னையில் பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

பழவேற்காட்டில் கூடிய படைகள்

நிலத்தில் ஹைதரை நிறுத்த ஆள் இல்லை. ஆனால் கும்பினிக்கு இன்னொரு வழி இருந்தது. அது கடல்.

கல்கத்தாவிலிருந்து தளபதி அயர் கூட் பணத்துடனும் படையுடனும் கப்பலில் வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகு ஓட்டும் மீனவர்களே ஆளையும் அரிசி மூட்டையையும் அலை தாண்டிக் கரை சேர்த்தார்கள். ஹைதர் கொளுத்திய நெல்லுக்கு ஈடாக வந்த அரிசி, அவர்களுடைய துடுப்பின் வழியாகத்தான் வந்தது.

ஹைதரிடமும் சில கப்பல்கள் இருந்தன. 1780 டிசம்பரில் ஆங்கிலக் கடற்படை மங்களூரில் அவற்றை அழித்துவிட்டது.

1781 பிப்ரவரியில் ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது. கூட்டின் படை கடலூரில் சோறின்றித் தவித்தது. நிலவழியை ஹைதர் அடைத்தார். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றன. அவை மட்டும் சில வாரம் அங்கேயே நின்றிருந்தால்! நிற்கவில்லை. பாய் விரித்துப் போய்விட்டன. கூட்டுக்கு அரிசி வந்து சேர்ந்தது. ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரைத் தோற்கடித்தார்.

இதற்குள் வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் என்பவர் ஒரு படையை நடத்திக்கொண்டு வந்தார். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட நடை. வழியில் கஞ்சாம் பகுதியில் காலரா கண்டு பலர் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் நெல்லூர் வழியாகக் கடலோரமாக வந்தார்கள். அவர்களை மறிக்க ஹைதர் திப்புவை அனுப்பினார். முடியவில்லை. 1781 ஆகஸ்டு தொடக்கத்தில் கூட் பழவேற்காட்டுக்கு வந்து பியர்ஸின் படையுடன் சேர்ந்துகொண்டார்.

பழவேற்காட்டுக்கு வெடிமருந்து வாசனை பழக்கமானதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துத் துப்பாக்கி மருந்து செய்யும் சாலை அங்கே இருந்தது. அந்த மருந்து ஜாவா வரை போயிற்று. 1781-ல் அந்தக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

ஓர் ஆண்டுக்கு முன், இதே வட்டாரத்தில், ஆற்று வெள்ளம் ஹைதருக்குத் துணை செய்தது. இப்போது கடலோரம் அவரைக் கைவிட்டது.

கூடிய படைகள் தெற்கே திரும்பின. ஆகஸ்டு 27-ம் தேதி, அதே புள்ளலூரில் மறுபடியும் சண்டை. ராசியான இடம் என்று ஹைதர் அதைத் தேர்ந்தெடுத்தார். ராசி இந்தத் தடவை உதவவில்லை. களத்தை விட்டு அவர் விலகினார். அடுத்த மாதம் சோளிங்கரிலும் தோல்வி.

ஹைதருக்கு உண்மை விளங்கிவிட்டது. பெய்லியைப் போல எத்தனை பேரை முறியடித்தாலும் ஆங்கிலேயர் அழியமாட்டார்கள். தரையில் அவர்களைப் பாழாக்கலாம், கடலைத் தம்மால் வற்றவைக்க முடியாது என்று அவர் கடைசி நாட்களில் வருந்தினார் என்பார்கள்.

பணப்பெட்டி போல ஒரு பிணம்

ஹைதரின் முதுகில் ராஜபிளவை கண்டது. வைத்தியம் பலிக்கவில்லை. 1782 டிசம்பர் 7-ம் தேதி, சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் உயிர் பிரிந்தது.

திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தார். தலைவன் இறந்தது தெரிந்தால் படை கலைந்துவிடும். ஆகையால் மந்திரிகள் மரணத்தை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, கஜானாப் பணம் போவதைப் போலக் காவலுடன் கோலாருக்கு அனுப்பினார்கள். திப்பு வந்து படைத் தலைமை ஏற்ற பிறகே உண்மை வெளியாயிற்று. பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடலை அடக்கம் செய்தார்கள்.

வாணம் போன வழி

திப்பு வாணப் படையைப் பல மடங்கு பெருக்கினார். 1799 மே 4-ம் தேதி அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மடிந்தார். கோட்டைக்குள் கிடைத்த இரும்பு வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின.

அவற்றை ஆராய்ந்து காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் புதிய ராக்கெட் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஜனங்களும் நம் சென்னை கிராமத்து ஜனங்களைப் போல வீடு இழந்து நின்றார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர், முன்னால் சக்கரமும் பின்னால் இரும்புப் பட்டையும் கொண்ட வண்டியின் தலையில் பத்து ராக்கெட் குழாய்களைப் பொருத்தினார்கள். சேற்றிலும் பனியிலும் ஓடும். பத்தையும் விட்டுவிட்டு இடம் மாறும். அந்த வண்டியை இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓட்டுகிறார்கள். மைசூர்ச் சக்கர வண்டிக்கும் அதற்கும் யோசனை ஒன்றுதான். பலவற்றை ஒருசேர விடு, உடனே நகர்ந்துபோ!

வாணம் நம் கரைக்குத் திரும்பியும் வந்தது. ஆனால் வேறு வேலைக்கு.

1971-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் சிறு ராக்கெட் புறப்பட்டது. பிறகு அப்துல் கலாம் தலைமையில் பெரிய ராக்கெட் தயாராயிற்று. 1963-ல் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்குள்ள விண்வெளி நிலையத்தில் மைசூர் வாணப் படையின் சித்திரம் தொங்குவதைப் பார்த்துப் பெருமைப்பட்டவர் அவர்.

1979-ல் செய்த முதல் முயற்சி கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ம் தேதி ரோகிணி என்ற செயற்கைக்கோளை ராக்கெட் வானத்தில் கொண்டு சேர்த்தது.

ஹைதர் அலி வாணங்களுடன் கணவாய் இறங்கியது 1780 ஜூலை. சரியாக 200 ஆண்டு!

அந்த வாணம் கிராமங்களை எரித்த யுத்தத்தில் பாய்ந்தது. இன்று போகும் ராக்கெட், புயல் வருவதைப் பார்த்துச் சொல்லும் செயற்கைக்கோளைச் சுமந்து போகிறது. நெருப்பு ஒன்றேதான். அதைப் பிடிக்கும் கைதான் வேறு.

ராக்கெட் மறைந்ததும் பழவேற்காட்டில் கூட்டம் கலையும். மறுநாள் விடியுமுன் படகுகள் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும். ஹைதர் அலியால் வெல்ல முடியாத அதே கடலுக்கு.